இருபது டன் என்றால் இருபது டன்னா? உடைந்த கனரக இயந்திரத்தை எடைக்கு வாங்குவதா, விடுவதா?

ஓடாமல் நிற்கும், மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரைக் காட்டி, "இருபது டன் இரும்பு சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அதில் இரண்டு பிழை இருக்கிறது. அது இருபது டன் இரும்பு இல்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தாலே பாதிதான் தெரியும்.

வாங்க வருகிறவருக்கு வழிகள் நான்கு. வெட்டி எடைக்குப் போடலாம், கழற்றி உதிரியாக விற்கலாம், பழுது பார்த்து ஓட்டலாம், பேசாமல் திரும்பி வந்துவிடலாம். பலர் முதல் மூன்றையும் ஒரே தாளில் கலந்து கணக்குப் போடுகிறார்கள். பம்ப் இவ்வளவுக்குப் போகும், மிச்சம் எடைக்கு இவ்வளவு, ஒருவேளை இன்ஜின் கிளம்பிவிட்டால் இன்னும் இவ்வளவு. கையைச் சுடுவது அந்த 'ஒருவேளை'தான். நான் முதலில் எடைக்கு மட்டும் என்று வைத்து அடிமட்ட விலையைக் கண்டுபிடிப்பேன். மற்ற வழிகள் அதற்கு மேல் ஏதாவது தருமா என்பதைப் பிறகுதான் பார்ப்பேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது

விவரப் பலகையிலோ கையேட்டிலோ இருக்கும் எண் பெரும்பாலும் 'இயக்க எடை'. ஐஎஸ்ஓ 6016 என்ற அளவை முறைப்படி அதில் நிரம்பிய டீசல் டேங்க், ஹைட்ராலிக் எண்ணெய், கூலன்ட், கூடவே 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒருவரும் அடக்கம். ஓட்டுநரை யாரும் எடைக்குப் போடப் போவதில்லை. இருபது டன் வகை எக்ஸ்கவேட்டரில் டீசல், எண்ணெய், கூலன்ட், ஓட்டுநர் எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். கண்ணாடி, இருக்கை, ரப்பர் குழாய்கள், கேபினுக்குள் இருக்கும் பிளாஸ்டிக், சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் செயினில் அப்பி இறுகிய மண் எல்லாமே எடைமேடையில் எடை காட்டும். இரும்பு வாங்குகிறவர் அவற்றுக்குக் காசு தரமாட்டார். கழிவு என்று பிடித்துக்கொள்வார்.

அடுத்து, இல்லாததைத் தேட வேண்டும். பக்கெட் இருக்கிறதா? அது ஏறக்குறைய ஒரு டன். இன்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்ஜின் இருக்கிறதா, அல்லது நான்கு போல்ட் துளைகள் மட்டும் சிரிக்கின்றனவா? பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் ஆகியவைதான் முதலில் காணாமல் போகும். எடையில் சிறியவை என்றாலும் செம்பும் அலுமினியமும் ஈயமும் இருப்பது அவற்றில்தான். இரும்பைவிடப் பல மடங்கு விலை பெறும் கிலோக்கள் அவை.

நான் ஏமாந்தது கவுண்டர் வெயிட்டில். எக்ஸ்கவேட்டரின் பின்புறத்தில் தொங்கும் அந்தப் பெரிய பாரம் இருபது டன் வண்டியில் நான்கு டன் அளவுக்கு வரும், அதாவது மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு. சில வண்டிகளில் அது ஒரே வார்ப்பாக ஊற்றிய இரும்பு. சிலவற்றில் உருக்குத் தகட்டால் பெட்டி செய்து, உள்ளே கான்கிரீட்டும் இரும்புத் துண்டுகளும் கலந்து நிரப்பியிருப்பார்கள். வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே முகம். நான் வாங்கியது இரண்டாவது ரகம் என்பது, கேஸில் வெட்டும் ஆளான கட்டர் அதன் ஓரத்தில் நெருப்பு வைத்ததும் தெறித்த கல்லில்தான் தெரிந்தது.

அதன் பிறகு டேப் இல்லாமல் நான் போவதில்லை. வார்ப்பில் மூலைகள் உருண்டு, மேல்தோல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பெட்டியில் வெல்டிங் தையல் ஓடும், குனிந்து அடிப்பக்கம் பார்த்தால் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் கன அளவை எடுங்கள். வார்ப்பிரும்பு ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 7.2 டன், உருக்கு 7.85 டன், சாதாரண கான்கிரீட் 2.4 டன். ஒரு கனமீட்டர் அளவுள்ள பாரத்துக்குக் கையேட்டில் 4 டன் என்று போட்டிருந்தால் அது முழு இரும்பாக இருக்க வழியே இல்லை.

காந்தம் ஒன்றும் பையில் இருக்கட்டும், ஆனால் அதன் பேச்சை அப்படியே நம்பிவிட வேண்டாம். கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகட்டில் காந்தம் ஒட்டாது. 'இது இரும்பே இல்லை' என்று ஒதுக்கினால் நட்டம் உங்களுக்கு. அது 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீசு உருக்கு. 11 முதல் 14 விழுக்காடு வரை மாங்கனீசு இருப்பதால் காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. சாதாரண இரும்போடு கலந்தால் பழைய இரும்பு வாங்கும் யார்டில் திருப்பி அனுப்பலாம். தனியாகப் பிரித்து, அதே வகை வார்ப்பு செய்யும் பட்டறைக்குக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும்.

எடைமேடை வரை போகும் வழி

விலையைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். குவாரிப் பள்ளத்தின் அடியில் கிடக்கும், மண் தள்ளும் நாற்பது டன் டோசரும், சாலையோரம் நிற்கும், முன்னால் அள்ளிப் பின்னால் தோண்டும் எட்டு டன் பேக்ஹோவும் எனக்கு முன்னால் இருந்தால் பேக்ஹோவைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

ஓடாத வண்டியை இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. எக்ஸ்கவேட்டரை நகர்த்தும் டிராவல் மோட்டாரில் இருக்கும் பிரேக்கை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கும். ஹைட்ராலிக் அழுத்தம் வந்தால்தான் விடும். இன்ஜின் செத்தால் அழுத்தம் இல்லை, செயின் பூட்டிய பூட்டுதான். செயினைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவின் மூடியைக் கழற்றி நடுவிலுள்ள சன் கியரை உருவ வேண்டும், அல்லது செயினையே வெட்டிவிட்டுத் தரதரவென்று இழுக்க வேண்டும். இடுப்பில் மடங்கும் வீல் லோடர் திரும்பிய நிலையிலேயே நின்று போயிருந்தால் ட்ரெய்லரில் குறுக்காக உட்காரும். அகலம் கூடும், அனுமதி வேண்டும், வாடகையும் ஏறும். எக்ஸ்கவேட்டரின் நீண்ட கையான பூம் ஆகாயத்தைப் பார்த்து நின்றிருந்தால் அதை இறக்குவதே ஒரு நாள் வேலை.

ஆகவே அடுத்த தேர்வு: அங்கேயே வெட்டுவதா, முழுதாக ஏற்றி வருவதா?

அங்கேயே வெட்டினால் தாழ்ந்த தளமுள்ள லோபெட் ட்ரெய்லர் வேண்டாம், சாதாரண லாரி போதும். ஆனால் இடத்துக்காரர் நெருப்பு வைக்கச் சம்மதிக்க வேண்டும், சுற்றிலும் காய்ந்த புல் இருக்கக் கூடாது, மண்ணில் எண்ணெய் கொட்டினால் அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பும் உங்களுடையது. கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் ஓடி வாங்க ஆள் வேண்டும். முழுதாக ஏற்றி வந்தால் கிரேன் வாடகையும் ட்ரெய்லர் வாடகையும் ஒரே அடியாக விழும். பதிலுக்கு உங்கள் இடத்தில், உங்கள் வசதிக்கு, நல்ல பாகங்களைக் கெடுக்காமல் கழற்றலாம். தானாக உருளும் அல்லது வடம் கட்டி வின்ச்சில் இழுத்தால் வரும் வண்டியை முழுதாகக் கொண்டு வருவதே எனக்குப் பிடித்த முறை. வெட்டவெளியில் அவசரமாக வெட்டும்போது பம்ப்புக்குப் போகும் குழாயைக் கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது, அதையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள்.

வெட்டாமல் அப்படியே யார்டில் தள்ளிவிட்டால் என்ன? தள்ளலாம், விலை குறையும். கனமான பழைய இரும்புக்கு உலக வணிகத்தில் புழங்கும் முதல் தரம், தடிமன் கால் அங்குலம் அதாவது 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல், துண்டு 60 அங்குலத்துக்கு 24 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு அறுபது சென்டிமீட்டர் அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவுக்குக் கொண்டு வருகிற கூலிதான் உங்களுக்கும் யார்டுக்கும் நடுவில் இருக்கும் விலை வித்தியாசம்.

எல்லாவற்றையும் கேஸ் கட்டிங்கில் வெட்டிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். உருக்கை ஆக்சிஜன் எரிக்கும்போது உண்டாகும் துரு, உருக்குக்கு முன்பே உருகி ஓடிவிடுகிறது. அதனால் கோடு போட்டது போல் வெட்டு விழுகிறது. வார்ப்பிரும்பு தன் துருவைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகிவிடும், உள்ளே இருக்கும் கிராஃபைட்டும் குறுக்கே நிற்கும். நெருப்பு வைத்தால் வழியுமே தவிர வெட்டாது. இன்ஜின் பிளாக்கையும் முழு வார்ப்புக் கவுண்டர் வெயிட்டையும் உயரத்திலிருந்து இரும்புக் குண்டு போட்டு உடைக்க வேண்டும், அல்லது ஆக்சிஜன் பாயும் எரிகுழாயான ஆக்சிஜன் லான்ஸ் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். முழு வார்ப்புப் பாரம் கிடைத்துவிட்டது என்று மகிழும்போதே அதை யார் உடைப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு

நாணயம் எதுவானாலும் பொருந்தும்படி, அளவாக வெட்டிய சுத்தமான கன இரும்பு யார்டு வாசலில் ஒரு டன் 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். மற்ற எண்களும் கணக்குக்காக நான் வைத்தவையே. உங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் போட்டுப் பாருங்கள்.

கையேட்டில் 20.5 டன். விற்பவர் மனதில் 2,050 அலகு. பக்கெட் இல்லை, 0.9 போயிற்று. எண்ணெய், டீசல், ஓட்டுநர் வகையில் 0.7. மண், ரப்பர், கண்ணாடி 0.5. நிற்பது 18.4 டன். நான்கு டன் கவுண்டர் வெயிட் கான்கிரீட் ரகம், அதில் பாதியைத்தான் இரும்பு என்று எடுக்கிறேன். 16.4 டன், 1,640 அலகு. ரேடியேட்டர், வயர், பேட்டரி வகையில் ஒரு 60 சேர்த்தால் 1,700.

இனி கழிக்க வேண்டியவை. வெட்டுக்கூலியும் கேஸும் 200. கிரேன், ட்ரெய்லர் 250. கழிவு எண்ணெய், கான்கிரீட் அகற்ற 40. கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கென்று பத்து விழுக்காடு, 170. என் உழைப்புக்கும் முடங்கும் பணத்துக்கும் பதினைந்து விழுக்காடு, 255. மிச்சம் 785.

விற்பவர் நினைக்கும் 2,050 எங்கே, நான் கேட்கக்கூடிய 785 எங்கே! அதே பாரம் முழு வார்ப்பாக இருந்திருந்தால் 900-ஐத் தொட்டிருப்பேன். அதே வண்டி எட்டாத பள்ளத்தில் கிடந்து போக்குவரத்து இரண்டு மடங்கானால் 535-க்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன். இரும்பு விலை நாளுக்கு நாள் ஆடக்கூடியது. வாங்கிய நாளுக்கும் எடைமேடை ஏறும் நாளுக்கும் நடுவில் ஒரு மாதம் ஓடினால் அந்தப் பதினைந்து விழுக்காடு மொத்தமும் கரைந்து போகலாம்.

உதிரிக்கு வாங்குவது எப்போது

எப்படிச் செத்தது என்பதைப் பொறுத்தது.

கவிழ்ந்த வண்டி உதிரிக்காரருக்கு வரம். கேபின் நசுங்கி, பூம் வளைந்து பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ஆனால் முந்தின நிமிடம் வரை வேலை செய்துகொண்டிருந்த பம்ப்பும் மோட்டார்களும் ஃபைனல் டிரைவும் உள்ளே அப்படியே இருக்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு இன்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்த வண்டியும் நல்லதுதான், இன்ஜின் தவிர மற்றதெல்லாம் விலை பெறும்.

எரிந்த வண்டியை எடைக்கு மட்டும் பாருங்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களை வெப்பம் பொசுக்கியிருக்கும், கடினமாக்கிய உருக்கின் பதத்தையும் இறக்கியிருக்கும். வயரிங்கும் அலுமினிய ரேடியேட்டரும் உருகி ஓடியிருக்கும். வெளியே நன்றாகத் தெரியும் சிலிண்டரை நம்பி ஒருவர் வாங்கிப் பொருத்தினால் சண்டை உங்களோடுதான். வெள்ளத்தில் மூழ்கியதற்கு எத்தனை நாள் கழித்து வெளியே எடுத்தார்கள் என்பதே கேள்வி. எண்ணெய் பாலாகிக் கிடந்தால் பேரிங்குகள் துருப் பிடித்திருக்கும்.

பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகள்தான் கடினம். "நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது" என்பார்கள். ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு நிறுத்தினார்கள் என்ற கேள்விக்கு நேரான பதில் வந்ததில்லை. சிலிண்டர் தண்டுகளின் குரோம் பூச்சில் விரலை ஓட்டுங்கள், துருப்புள்ளி இருந்தால் சீல் தங்காது. கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டு இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். டிரெய்ன் பிளக்கைத் திறந்து எண்ணெயைக் கையில் தேய்த்துப் பாருங்கள், உள்ளே தேய்ந்திருந்தால் உலோகத் தூள் மினுக்கும்.

நூற்றைம்பது கிலோ அளவிலான ஒரு ஹைட்ராலிக் பம்ப் எடைக்குப் போனால் மேலே வைத்த கணக்கில் 15 அலகு. வேலை செய்யும் நிலையில் விற்றால் பல மடங்கு, கெட்டுப்போயிருந்தாலும் மறுசீரமைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் உதிரியாகவே விற்கலாமே? பாகத்தின் விலையைத் தீர்மானிப்பது அதே மாடல் வண்டிகள் இன்னும் எத்தனை வேலை செய்கின்றன என்பதுதான். பரவலாக ஓடும் மாடல் என்றால் மாதத்துக்குள் ஆள் வரும். அபூர்வ மாடல் என்றால் தார்ப்பாய்க்கடியில் மூன்று வருடம் கிடக்கும், கடைசியில் அதே 15 அலகுக்குப் போகும். நான் வாங்குமுன்னே போன் பேசி 'எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்ன பாகத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பேன், அதையும் பாதி விலைக்கு.

புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பலர் கண் விரிகிறார்கள். புதிய டீசல் வண்டிகளின் புகை வடிகட்டியிலும் ஆக்சிஜனேற்ற வினையூக்கியிலும் பிளாட்டினம், பலேடியம் இருப்பது உண்மை. யூரியாக் கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் பகுதி அப்படியில்லை, பெரும்பாலும் வனேடியமோ செம்பு கலந்த சியோலைட்டோதான். இரண்டுக்கும் ஒரே விலை போட்டு ஏலம் எடுத்தவர்கள் உண்டு.

எந்த வகை வண்டி

எடைக்கு மட்டும் என்றால் எனக்கு டோசர்தான் முதல். பிளேடு, செயின், பிரேம் எல்லாமே கெட்டியான உருக்கு, கான்கிரீட் பாரம் ஒளிய இடமில்லை, கழிவு குறைவு. துண்டுகள் மகா கனம் என்பதே சிரமம். எக்ஸ்கவேட்டர் அடுத்தது, பின்னால் தொங்குவதைப் பார்த்த பிறகு. வீல் லோடரில் டயர் தலைவலி: நடுத்தர லோடரின் ஒரு டயரே முந்நூறு கிலோவைத் தாண்டும், நான்கும் தேய்ந்திருந்தால் ஒன்றேகால் டன் ரப்பரைக் காசு கொடுத்து அகற்ற வேண்டும், நல்ல டயர் என்றால் நிலைமை தலைகீழ், டயருக்காகவே வண்டியை வாங்கலாம். கிரேனில் கம்பி வடத்தை யார்டுகள் விரும்புவதில்லை, இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். கான்கிரீட் கலக்கும் லாரியின் டிரம்மைத் தட்டிப் பாருங்கள், உள்ளே இறுகிய கான்கிரீட்டுக்கு இரும்பு விலை கொடுத்துவிடாதீர்கள். ஜெனரேட்டரில் கவர்ச்சி செம்புதான். சுருளைச் சற்றுச் சுரண்டினால் செம்பா அலுமினியமா என்று தெரிந்துவிடும்.

பழுது பார்த்து ஓட்டுவது

சுருக்கமாகச் சொன்னால், எடைக்கு விற்கிற நிலைக்கு வந்த வண்டியை இதற்காக வாங்காதீர்கள். செயின் வண்டியின் வாழ்நாள் பராமரிப்பில் பாதிவரை, செயினும் உருளைகளும் அடங்கிய அடிப்பாகத்துக்கே போகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. செயினை ஓட்டும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பற்கள் கூர்ந்திருந்தால் அடிப்பாகம் முடிந்தது, இன்ஜின் தேனாக ஓடினாலும் சரி. சொந்தப் பட்டறையும், அதே மாடலில் இன்னொரு வண்டியும் வைத்திருப்பவருக்கு மட்டும் இது வேறு கதை. அவர் என்னைவிட அதிகம் கொடுத்தால் நான் விலகி நிற்பேன்.

வெட்டுக்கு முன்

ஆபத்தும் ஒரு செலவுதான், அதை விலையில் சேர்க்காதவர்கள் வேறு விதத்தில் கொடுக்கிறார்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் ரீகாயில் ஸ்பிரிங் பல டன் விசையில் அமுங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதன் பிடியில் நெருப்பு வைப்பது பீரங்கி வாயில் நிற்பது போல. இருபுறமும் அடைத்த ஹைட்ராலிக் சிலிண்டரைச் சூடாக்கினால் உள்ளே மிஞ்சிய எண்ணெய் ஆவியாகி வெடிக்கும். குழாய் முனைகளைத் திறந்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டரில் நைட்ரஜன் அழுத்தம் வண்டி செத்த பிறகும் இருக்கும். டயர் மாட்டியிருக்கும் வீலின் ரிம்மில் கேஸ் கட்டிங் செய்தால் உள்ளே ரப்பர் சிதைந்து வாயுவாகி டயர் வெடிக்கும், காற்று இறங்கிய டயர்கூட வெடித்திருக்கிறது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இவை தெரிந்த கட்டர் கூலி அதிகம் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

மொத்தமாகவா, எடைக்கா

விற்பவர்கள் மொத்த விலையை விரும்புவார்கள், பணம் வாங்கினால் தலைவலி விட்டது. நீங்கள் எடையைச் சரியாகக் கணித்திருந்தால் மொத்த விலையில் லாபம் உங்களுக்கு, தவறினால் முழு நட்டமும் உங்களுக்கு. வெட்டிப் பிரித்த இரும்பின் எடைக்கு இவ்வளவு என்று பேசினால் கவுண்டர் வெயிட் ரகசியம் விற்பவர் தலையில் விழும், ஆனால் மண்ணோடு எடை போடப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டிக்கு எடை முறை, தெரிந்த மாடலுக்கு மொத்த விலை என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

பணம் கைமாறுமுன் வண்டியின் பிரேமில் பொறித்த அடையாள எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். புதிய வண்டிகளில் அது 17 எழுத்து. பலகையைப் பெயர்த்திருந்தாலும் பொறிப்பைச் சாணை பிடித்திருந்தாலும் நடையைக் கட்டுங்கள். கடன் பாக்கி உள்ள வண்டியை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

விலை படியாமல் திரும்புகிற நாட்கள் அதிகம். கிளம்புமுன் நான் கேட்கும் கடைசிக் கேள்வி விலை பற்றியதில்லை: "இந்த இடத்தை எப்போது காலி செய்ய வேண்டும்?" குத்தகை முடியும் தேதி ஒன்று இருந்தால் குறித்துக்கொண்டு, 785 என்று எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு வருவேன். தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போன் வரும். சில நேரம், கிரேன் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்வார்கள்.